தொட்டியடியில் பிடிபட்டவர்

ரங்கூன், 1988

ஆகஸ்ட் 24, புதன்

டாக்டர் இன்று காலை கிளினிக் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு மோல்மீனுக்குப் போய்விட்டார். அவர் குடும்பம் அங்கே. குற்றம் சொல்ல முடியாது. இருபது வருடமாக மருந்து கலந்து கொடுத்த கம்பவுண்டர் நான். இனி நோயாளிகளையும் நானேதான் பார்க்க வேண்டும். பேட்டையில் எல்லாருக்கும் நான் 'சயாமா'. பர்மாவில் வாத்தியாரம்மாவுக்கும் டாக்டரம்மாவுக்கும் அதே பெயர்தான்.

மத்தியானம் ராணுவ லாரிகள் திரும்பிப் போயின. இரண்டு வாரத்துக்கு முன் மாணவர்களைச் சுட்டவர்கள் இவர்கள். ஜனங்கள் தெருவில் இறங்கி ஆடினார்கள். இருபத்தாறு வருட ஆட்சி, இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் விழுந்துவிடும் என்கிறார்கள். நானும் வாசலில் நின்று கை தட்டினேன். இவர், என் வீட்டுக்காரர், வெளியே வரவில்லை. துறைமுக அலுவலகத்தில் பதவி உயர்வுக்காக ஆளும் கட்சியில் சேர்ந்தவர். பத்து வருடமாக அந்தக் கட்சி அட்டை அலமாரியில் இருக்கிறது.

ஆகஸ்ட் 26, வெள்ளி

பேட்டைக் கமிட்டி அமைந்துவிட்டது. தலைவர், ரேடியோ ரிப்பேர் கடை இருதயராஜ். அவன் அப்பா மாயவரத்துக்காரர், அம்மா பர்மியப் பெண். பர்மியர்கள் அவனைக் கோ டின் என்பார்கள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

இந்த மாதம் முழுக்க அவன் கடையில்தான் வெளிநாட்டு வானொலி கேட்கக் கூட்டம் கூடியது. சத்தம் தெளிவாக வராதபோது அவனே கேட்டுச் சொல்வான். அப்படிச் சொல்லிச் சொல்லி, ஜனங்களுக்கு அவன் பேசுவதைக் கேட்பது பழக்கமாகிவிட்டது. இன்று கூட்டுறவுக் கடை அரிசியை எப்படிப் பிரிப்பது என்று அடிதடி வந்தபோது பெஞ்சு மேல் ஏறி நின்று, "குழந்தை இருக்கற வீட்டுக்கு முதல்ல. எங்க வீட்டுக்குக் கடைசியில" என்றான். அவ்வளவுதான். அடங்கிவிட்டார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

ஆகஸ்ட் 27, சனி

நாள் முழுக்க மழை. சாக்கடையும் தெருவும் ஒன்றாகிவிட்டன.

ஆகஸ்ட் 29, திங்கள்

ஜெயிலைத் திறந்துவிட்டார்களாம். ஆயிரக்கணக்கில் கைதிகள் வெளியே வந்து கொள்ளையடிக்கிறார்கள் என்று பேச்சு. போலீஸ் கிடையாது. ஒவ்வொரு சந்து முனையிலும் மூங்கிலை வெட்டித் தடுப்புக் கட்டியிருக்கிறார்கள். ஆண்கள் முறை வைத்துக் காவல் நிற்கிறார்கள். ஆயுதம் என்று பார்த்தால் அரிவாள், கம்பு, கூராக்கிய சைக்கிள் கம்பி.

கோ சோ என்று ஒருவன் புதிதாகக் காவலில் சேர்ந்திருக்கிறான். நீள வாள் வைத்திருக்கிறான். எங்கிருந்து வந்தான் என்று இருதயராஜைக் கேட்டேன். "அவனும் ஜெயில்ல இருந்தவன்தான்க்கா. பயம் இல்லாத ஆள் நமக்கு ஒருத்தன் வேணும்" என்றான்.

ஆகஸ்ட் 31, புதன்

கட்சி அட்டை வைத்திருந்தவர்கள் எல்லாரும் கமிட்டி முன்னால் வந்து கிழித்துப் போட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இவரும் போனார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். பதினோரு பேர் வரிசையில் நின்று, "இத்தனை நாள் ஜனங்களுக்குத் துரோகம் செய்தேன்" என்று படித்தார்கள். இவர் குரல் வெளியே வரவில்லை. கோ சோ வாளின் தட்டைப் பக்கத்தால் இவர் தோளில் தட்டி, இன்னொரு தரம் படி என்றான். இவர் இன்னொரு தரம் படித்தார்.

இருதயராஜ் ஓடிவந்து கையைப் பிடித்து, "மாமா, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றான். ஆனால் இரண்டாம் தரம் படித்து முடித்த பிறகுதான் வந்தான்.

வீட்டில் இவர் சாப்பிடவில்லை. தோளில் அடி எதுவும் இல்லை, பார்த்தேன்.

செப்டம்பர் 2, வெள்ளி

கிளினிக்கில் வயிற்றுப்போக்கு. இன்று மட்டும் பதினெட்டுக் குழந்தைகள். கடையில் கரைசல் உப்பு கிடைக்காததால், சர்க்கரை, உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளந்து நானே பொட்டலம் கட்டிக் கொடுக்கிறேன். கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொல்கிறேன்.

வெளியில் வேறு பேச்சு. அரசாங்கத்தின் ஆட்கள் தண்ணீரில் விஷம் கலக்கிறார்களாம். பக்கத்துப் பேட்டையில் நான்கு குழந்தைகள் செத்தனவாம். யார் வீட்டுக் குழந்தை என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் பேட்டைத் தண்ணீர்த் தொட்டிக்கும் பூட்டுப் போட்டு, காலை மாலை இரண்டு வேளை மட்டும் காவலோடு திறக்கிறார்கள்.

இருதயராஜிடம் போய்ச் சொன்னேன். "தம்பி, இது விஷம் இல்ல. சாக்கடைத் தண்ணி குழாயில இறங்குது. வருசா வருசம் மழைக்கு வர்றதுதான். ஒலிபெருக்கியில சொல்லு."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எனக்கும் தெரியும்க்கா. ஆனா இப்ப அதச் சொன்னா, அரசாங்கத்துக்குப் பரிஞ்சு பேசறோம்னுவாங்க. பயம் இருக்கறதாலதான் காவலுக்கு ஆள் வருது. ஒரு வாரம் போகட்டும். நீங்களும் வெளிய பேசாதீங்க."

சரி என்றேன்.

செப்டம்பர் 5, திங்கள்

இப்போது எல்லாரும் இருதயராஜைத் தலைவர் என்றுதான் சொல்கிறார்கள். கடை வாசலில் நாற்காலி போட்டு வழக்குக் கேட்கிறார். கோழி திருடினவனைக் கம்பத்தில் கட்டினார்கள். அடித்தவர்களை அவரே தடுத்து அவிழ்த்து விட்டார். நல்ல மனது போகவில்லை. ஆனால் அவிழ்த்து விட்டபோது கூட்டத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். அவரும் அதைக் கவனித்தார்.

செப்டம்பர் 7, புதன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. பருப்பு தீய்ந்துவிட்டது.

செப்டம்பர் 8, வியாழன்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

காலை பத்து மணிக்கு, தொட்டியை மூடுகிற நேரத்தில், தொட்டியடியில் ஓர் ஆளைப் பிடித்தார்கள். பெயர் பொன்னுரங்கம். பின்சந்துக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். அரசாங்க அலுவலகம் ஒன்றில் கூட்டிப் பெருக்குகிற வேலை. தொட்டிக் குழாயில் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, அதில் வெள்ளைப் பொடியைப் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தாராம். யாரோ பார்த்துக் கத்தியிருக்கிறார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் பாட்டில் உடைந்துவிட்டது. அவர் வாயும் கிழிந்திருந்தது. கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். பிரித்த பொட்டலம் ஒன்றை, பாதிப் பொடியோடு, இருதயராஜ் கையில் வைத்திருந்தான். சுற்றிலும் நூறு நூற்றைம்பது பேர்.

"இது என்ன?" என்று கேட்டான்.

"மருந்து. மகளுக்கு" என்றார்.

"எங்க வாங்குன?"

பொன்னுரங்கம் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு, "கடையில" என்றார்.

"எந்தக் கடை?"

"குடுங்க, நானே தின்னு காட்டறேன்" என்றார். மாற்று மருந்து தின்றுவிட்டு வந்திருப்பான், இவனுக்கு ஒன்றும் ஆகாது என்று கோ சோ சொன்னான். எல்லாரும் ஆமாம் என்றார்கள்.

இருதயராஜ் என்னிடம் பொட்டலத்தை நீட்டினான். பர்மிய மொழியில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சயாமா, இது விஷமா, இல்லையா?" என்றான்.

சோதனைக்கூடம் இல்லாமல் சொல்ல முடியாது என்றேன்.

அது உண்மை. வெறும் கண்ணால் பார்த்து ஒரு பொடியை யாரும் சொல்ல முடியாது.

பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன். பாதி வழியில் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 9, வெள்ளி

இவர் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு புடவை துவைத்தேன். காயவில்லை.

செப்டம்பர் 10, சனி

பொன்னுரங்கத்தின் மனைவி கிளினிக்குக்கு வந்தாள். செல்லக்கிளி என்று பெயர். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. எல்லாருக்கும் பின்னால் நின்று, எல்லாரும் போன பிறகு வந்தாள்.

"பாப்பாவுக்கு இன்னும் நிக்கல, சயாமா."

குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன். மெதுவாகத்தான் திரும்பியது. பொட்டலம் நான்கு கட்டிக் கொடுத்தேன். எப்படிக் கரைப்பது என்று சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற எதும் சொல்லணுமா, சயாமா?"

கொதித்து ஆறிய தண்ணீராக இருக்க வேண்டும் என்றேன்.

செப்டம்பர் 12, திங்கள்

கமிட்டியிலிருந்து வீட்டுக்கு அரை மூட்டை அரிசி வந்தது. நான் கேட்கவில்லை. இவரைக் கமிட்டிக்கு எழுத்தராகப் போட்டிருக்கிறார்கள். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால். காவல் முறை, சந்தேகப் பேர்வழிகள், பழைய கட்சிக்காரர்கள் என்று பட்டியல் பட்டியலாக எழுதுகிறார். போன மாதம் தானும் அதில் ஒரு பெயர் என்பதை மறந்துவிட்டாரா தெரியவில்லை. நிம்மதியாகத் தூங்குகிறார்.

"உன்னாலதான்" என்றார் இன்று, சோற்றைப் பிசைந்துகொண்டே. "தலைவரே சொன்னாரு. சயாமா நம்ம பக்கம், அன்னிக்குக் குழப்பாம பேசுனாங்கன்னு."

தலைவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். இப்போது ஐந்து பேட்டைக்கும் அவர்தான். பேச்சில் தொட்டியடி விஷயத்தைச் சொல்கிறார். துரோகிகள் எங்கே கைவைத்தாலும் இதுதான் நடக்கும் என்கிறார். போன வாரத்திலிருந்து இன்னும் மூன்று பேரை இப்படிக் கொன்றிருக்கிறார்கள் என்று கேள்வி. எங்கள் பேட்டையில் இல்லை.

செப்டம்பர் 14, புதன்

செல்லக்கிளி மறுபடி வந்தாள். குழந்தை தேறியிருக்கிறது. பொட்டலம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, போகாமல் சிறிது நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

செப்டம்பர் 15, வியாழன்

எழுதிவிடுகிறேன். அந்தப் பொட்டலம் நான் கட்டியது.

நாள்காட்டித் தாளில் மூன்று மடிப்பு மடித்து முனையை உள்ளே செருகுவேன். இந்தப் பேட்டையில் வேறு யாரும் அப்படி மடிப்பதில்லை. பொன்னுரங்கம் கிளினிக் படியேறி வந்து வாங்கியது ஏழாம் தேதி காலை எட்டரை மணிக்கு. வீட்டில் விறகு ஈரம், தண்ணீர் கொதிக்க வைக்க முடியவில்லை, என்ன செய்ய என்று கேட்டார். அப்படியானால் தொட்டித் தண்ணீரிலேயே கரையுங்கள், ஒன்றும் கொடுக்காமல் இருப்பதற்கு அது மேல் என்று சொன்னதும் நான்தான். இருதயராஜ் அதைக் கையில் பிடித்திருந்தபோதே பத்தடி தூரத்தில் அடையாளம் தெரிந்துவிட்டது.

நான் கொடுத்தது என்று சொல்லியிருந்தால் அடுத்தது என் வீடு. இவர் கட்சியில் இருந்தவர். புருஷன் கட்சிக்காரன், பெண்டாட்டி விஷம் கலக்குகிறவள் என்று ஒரு நிமிடத்தில் முடித்திருப்பார்கள். இவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன்.

செப்டம்பர் 18, ஞாயிறு

மாலை நான்கு மணிக்கு ரேடியோவில் ராணுவ இசை. ஆட்சியை ராணுவம் எடுத்துக்கொண்டதாம். எட்டு மணி முதல் ஊரடங்கு. ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது. இவர் பட்டியல்களை எல்லாம் அடுப்பில் போட்டார். தாள் ஈரமாக இருந்ததால் புகைதான் வந்தது.

செப்டம்பர் 19, திங்கள்

நகரத்துப் பக்கம் காலையிலிருந்து துப்பாக்கிச் சத்தம். சிப்பாய்கள் வந்து, தடுப்பைக் கட்டியவர்களையே கூப்பிட்டுப் பிரிக்க வைத்தார்கள். கோ சோ வாளோடு எதிரே ஓடினான். சுட்டார்கள். விழுந்த இடத்திலேயே இரண்டு மணி நேரம் கிடந்தான். என்னால் அங்கே போக முடியவில்லை.

கிளினிக்கில் குண்டடி ஏழு பேர். என்னிடம் இருந்தது பஞ்சும் டிங்சரும்தான். ஒரு பையன் என் கையைப் பிடித்துக்கொண்டே உயிரை விட்டான்.

செப்டம்பர் 22, வியாழன்

மத்தியானம் மழையில் ஒரு நோயாளி வந்தான். தலையில் துண்டு, தாடை வீங்கினவன் மாதிரி கட்டு. கதவைச் சாத்தியதும் கட்டை அவிழ்த்தான். இருதயராஜ். கண்ணாடி இல்லாமல் முகம் சின்னதாகத் தெரிந்தது.

"எல்லைப் பக்கம் கிளம்பறேன்க்கா. இங்க இருந்தா இன்னும் ரெண்டு நாள்தான். மலேரியாவுக்கு மாத்திரை இருந்தா குடுங்க."

இருந்ததை எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். தொட்டியடியில புடிச்சமே. அது விஷம்தானே?"

மருந்து அலமாரியைப் பூட்டினேன்.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தோணிட்டே இருக்கு. சோதனைக்கூடம்னீங்க. பொட்டலத்தக் கையில கூட வாங்கல."

"சர்க்கரை, உப்பு, சோடா உப்பு" என்றேன். "நான் கட்டிக் குடுத்தது."

அவன் சுவரைப் பார்த்தான். "எங்க வாங்குனன்னு கேட்டேன். அப்ப உங்களத்தான் பாத்தான். பாத்துட்டு, கடையிலன்னு சொன்னான்."

"ஆமா."

"ஏன்க்கா சொல்லல?"

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் வராத கோபம். "சொல்லியிருந்தா விட்டிருப்பியா? அந்தக் கூட்டம் விட்டிருக்குமா? மழைத்தண்ணி வியாதின்னு வந்து சொன்னேனே, வாயை மூடிட்டு இருன்னு சொன்னவன் நீதானே. நாற்காலியில உக்காந்து கேட்டவனும் நீதானே."

"நான்தான். இல்லேன்னு சொல்லல" என்றான். "ஆனா அன்னிக்கு எனக்கு விட்டுடணும்னுதான் இருந்துச்சு. கோழி திருடுனவனை விட்டதுக்கே மொறைச்சானுங்க. சும்மா விட முடியாது, ஒரு காரணம் வேணும். அதான் பொட்டலத்த உங்க கிட்ட நீட்டுனேன். நீங்க ஒரு சிட்டிகை எடுத்து நாக்குல வெச்சிருந்தா போதும். சயாமாவே தின்னுட்டாங்கன்னு விட்டிருப்பேன்."

கட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டான். பின்முடிச்சு அவனுக்குப் போட வரவில்லை. நான் போட்டுவிட்டேன். போய்விட்டான்.

செப்டம்பர் 23, வெள்ளி

இவரைக் காப்பாற்ற என்று பதினைந்தாம் தேதி எழுதியிருக்கிறேன். அது பொய். பொட்டலத்தை நீட்டியபோது இவர் நினைவே எனக்கு வரவில்லை. நூற்றைம்பது பேர் என்னைப் பார்த்தார்கள். என் கழுத்து மட்டும்தான் நினைவில் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் இவரை நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 25, ஞாயிறு

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இப்ப அத வெளிய சொன்னா யாருக்கு என்ன பிரயோசனம்? ராணுவத்தான் காதுல விழுந்தா, கமிட்டியில யார் யார்னு தோண்டுவான். நான் பட்டியல் எழுதுனது வரும்" என்றார். நியாயம்தான். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கூடவே வாசல் வரை வந்தார். அதற்கு மேல் வரவில்லை.

பின்சந்தில் செல்லக்கிளி விறகு பிளந்துகொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். பொட்டலம் நான் கொடுத்தது, பார்த்ததும் தெரிந்தது, சொல்லவில்லை, அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

அவள் அரிவாளைக் கீழே வைத்தாள்.

"பொட்டலம் நீங்க கட்டுனதுன்னு எனக்குத் தெரியாதா, சயாமா? ரெண்டு தடவை வந்தேன். மருந்துக்கு மட்டுமா வந்தேன்?"

அழக்கூடாது என்று இருந்தேன். அவள் அழாதபோது நான் அழுவது முறையில்லை.

"என்கிட்டச் சொன்னது பத்தாது" என்றாள். "இந்தச் சந்துல அவரு வெஷம் வெச்சவரு. தண்ணி வரிசையில எம் கொடத்தப் பின்னால தள்ளறாங்க. எம் பொண்ண வெஷக்காரன் மகள்னுதான் கூப்புடுவாங்க. அங்க வந்து சொல்லுங்க."

அவள் குடத்தை எடுத்தாள். நான் பின்னால் போனேன்.

மாலைத் தண்ணீருக்குத் தொட்டியடியில் வரிசை. நாற்பது பேர் இருக்கும். ஐந்து பேர் கூடக் கூடாது என்றாலும் தண்ணீருக்கு மட்டும் விடுகிறார்கள். இரண்டு சிப்பாய்கள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்கள். ஏழாம் தேதி பொன்னுரங்கம் நின்ற அதே இடத்தில் நான் நின்றேன். கழுவிவிட்டிருந்தது.

முதலில் பர்மிய மொழியில் சொன்னேன். குரல் எழும்பவில்லை. இருமிவிட்டு மறுபடி சொன்னேன். "இங்கே பொன்னுரங்கம் கையில் இருந்தது விஷம் இல்லை. வயிற்றுப்போக்கு மருந்து. நான்தான் கொடுத்தேன். அன்றைக்கே எனக்குத் தெரியும். பயந்துகொண்டு சொல்லவில்லை." பிறகு அதையே தமிழில் சொன்னேன். ஒரு சிப்பாய் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான்.

சிலர் குடத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அன்று "கொல்லு" என்று கத்தியவர்களில் இருவரை எனக்குத் தெரியும். அவர்களும் வரிசையில்தான் இருந்தார்கள். ஒரு கிழவர் மட்டும், "இப்ப எதுக்கு சயாமா இதெல்லாம்" என்று தணிந்த குரலில் சொன்னார்.

தண்ணீர் வந்தது. செல்லக்கிளி தன் குடத்தை வரிசையில் வைத்தாள். யாரும் முன்னால் விடவில்லை. பின்னால் தள்ளவும் இல்லை.

சிப்பாய் வந்து என் பெயரையும் வீட்டையும் கேட்டு எழுதிக்கொண்டான். சொன்னேன்.

மாலையில் வந்தவர்கள் நாற்பது பேர். அன்று நின்றவர்கள் அதைவிட அதிகம். காலைத் தண்ணீருக்கு வேறு ஆட்கள் வருவார்கள். நாளை ஆறு மணிக்குப் போகிறேன்.